நம்பர் ஒரிஜினல்

உட்கார் தம்பி. அந்த ஸ்டூல் வேண்டாம், கால் ஆடும். பெஞ்சில் உட்கார்.

பெயர் என்ன? இளமாறனா. எந்த ஊர்? உடுமலைப் பக்கமா. இருக்கட்டும். பென்சில் ஆறுச்சாமியைப் போய்ப் பார் என்று யார் சொன்னது? ஜெராக்ஸ் கடைக்காரனா? சொல்லுவான். ஆளை அனுப்பிவிட்டு என் கணக்கில் டீ குடிப்பான்.

வண்டி எது, அந்த ஆரஞ்சா? கண் கூசுகிறது. கம்பெனி கலர் இல்லையே அது. மேலே ஸ்டிக்கர் சுற்றியிருக்கிறானா. டர்போ பெரிதாகப் போட்டிருக்கிறான், சைலன்சரை மாற்றியிருக்கிறான், ஸ்பிரிங்கை அறுத்து வண்டியைத் தரையோடு இறக்கியிருக்கிறான். நீ சொல்ல வேண்டாம். இரண்டு தெருவுக்கு முன்னாலேயே எனக்குக் கேட்டுவிட்டது.

வாங்கலாமா வேண்டாமா என்று கேட்கிறாய். இன்றைக்கே சொல்ல வேண்டுமாக்கும். வேறு ஆள் கேட்கிறான் என்று சொல்லியிருப்பான் விற்கிறவன். எல்லா விற்கிறவனும் அதைத்தான் சொல்கிறான்.

பொறு. பிரிண்ட் எடுத்துவிட்டேன். இனி ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்க்க வேண்டும். அவசரப்படுத்தாதே. இந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்தவன் நான். இந்த ஜில்லாவில் ஓடுகிற வண்டியில் பாதிக்கு சேஸ் நம்பர் பிரிண்ட் எடுத்தது இந்தக் கை. பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்ப்பது என்ன பெரிய வேலை என்று நினைப்பாய். தேய்த்துப் பார், தெரியும்.

அது யார், உன் சம்சாரமா? எதற்கு டயருக்குள் தலையை விடுகிறாள்? அம்மிணி! துணியெல்லாம் கிரீஸ் ஆகும். நிழலில் வந்து நில். கேட்கமாட்டாள். போகட்டும்.

ஒன்று சொல்கிறேன் கேள். இதைச் சொல்லாமல் நான் யாருக்கும் வண்டி பார்த்துக் கொடுப்பதில்லை இப்போது.

நாலு வருஷம் ஆகிறது. ஆனி மாசக் கடைசி. என் மாப்பிள்ளை தரணிதரன் வந்து நின்றார், இதே இடத்தில். தங்கமான மனுஷன். எனக்கு முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது கிடையாது. மருந்து ஏஜென்சி வைத்திருந்தார். ஒரே ஒரு குறை, கார்ப் பைத்தியம்.

"மாமா, ஒரு வண்டி வந்திருக்குது. பழைய ஜப்பான் வண்டி. ரேஸ்ல ஓடினவர் ஒருத்தர் கைவெச்சுச் செஞ்சது. நீங்க ஒருக்கா வந்து பாத்துட்டீங்கன்னா முடிச்சரலாமுங்க. ஆடி பொறந்துட்டா எடுக்க முடியாது பாருங்க."

ஆடியில் யார் வண்டி எடுக்கிறார்கள்? ஆனி முடிய இரண்டு நாள் இருந்தது. போனோம். மாப்பிள்ளை, நான், என் மகள் வினோதினி. அவள் எதற்கு வந்தாள் என்று தெரியவில்லை. லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவளுக்குப் பம்ப் செட் வார்க்கிற ஒரு ஃபவுண்டரியில் குவாலிட்டி பார்க்கிற வேலை. வார்ப்பில் வெடிப்பு இருக்கிறதா, வெல்டிங் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பாளாம். ஏதோ சிவப்பு மருந்தை அடித்துத் துடைத்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கூடக் கோடாக வந்துவிடுமாம். சாப்பிடும்போது ஒரு நாள் சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. பம்ப் செட் வேறு, கார் வேறு. அவளுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்?

ஊருக்கு வெளியே ஒரு ஷெட். வெள்ளை வண்டி. ஸ்டியரிங் சாப்பாட்டுத் தட்டை விடச் சிறிது. பின் சீட்டே இல்லை, பாரத்தைக் குறைக்கக் கழற்றிவிட்டார்களாம். அந்த இடத்தில் கறுப்புக் கார்பெட்டை ஒட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், கோயில் பிரகாரத்தில் வருகிற மாதிரி.

நான் போனட்டைத் தூக்கினேன். அந்த வண்டிக்கு நம்பர் இன்ஜினுக்குப் பின்னால் இருக்கிற தகட்டில் வெட்டியிருக்கும். தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தேன். விரல் நுனியால் தடவினேன். கம்பெனிக்காரன் வெட்டிய நம்பர் எல்லாம் ஒரே ஆழம். ஷெட்டில் வெட்டிய திருட்டு நம்பரில் மூன்றும் எட்டும் காட்டிக் கொடுத்துவிடும். இது கம்பெனி நம்பர். விரல் சொல்லிவிட்டது. பேப்பரை வைத்து டேப்பை ஒட்டினேன். பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்க்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். பதினேழு எழுத்து. நடுவில் கை நழுவினால் மறுபடியும் முதலிலிருந்து.

அந்த நேரம் பார்த்து அவள் கூப்பிடுகிறாள். பின்பக்கம் கார்பெட்டைப் பிய்த்துத் தூக்கியிருக்கிறாள்.

"அப்பா, இங்க வாங்க. தளத்துல குறுக்கால ஒரு வெல்டிங் ஓடுது. இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி வரைக்கும்."

நான் பதினோராவது எழுத்தில் இருக்கிறேன்.

"மேல பட்டி வெச்சுப் பெயின்ட் அடிச்சிருக்காங்கப்பா. தட்டினா சத்தமே வேற மாதிரி வருது. ஒருக்கா வந்து பாருங்கப்பா."

"சரி சரி" என்றேன்.

அவ்வளவுதான் தம்பி. அந்த ஒரு வார்த்தைதான்.

நீயே சொல். நம் பக்கத்தில் 'சரி சரி' என்றால் என்ன? வாயை மூடு என்று அர்த்தம். வேலை நடக்கிறது, நச்சரிக்காதே என்று அர்த்தம். பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் மாப்பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, நான் எப்போது வாயைத் திறப்பேன் என்று காத்திருக்கிறார். அவர் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கிறது.

"மாமாவே சரின்னுட்டாருங்க!" என்று விற்கிறவன் கையைப் பிடித்துவிட்டார். நான் பதினேழாவது எழுத்தை முடித்து நிமிர்கிறேன், அட்வான்ஸ் கைமாறிவிட்டது. விற்கிறவன் என்னைப் பார்த்துக் கும்பிடு போடுகிறான்.

நான் சரி சொன்னது அவளுக்கு. அவர் எடுத்துக்கொண்டது வண்டிக்கு. இதில் என் தப்பு எங்கே இருக்கிறது?

என்ன? அப்போதே மறுத்திருக்கலாமே என்கிறாயா? நீ மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை. அதோடு நம்பரில் ஒரு பழுதும் இல்லை. பழுது இல்லாத நம்பரைப் பழுது என்று நான் எப்படிச் சொல்வேன்?

அவள் என்ன கூப்பிடுகிறாள் உன்னை? ஸ்டியரிங்கை ஒடித்துப் பிடிக்க வேண்டுமா? பிறகு பிடிக்கலாம். ஆம்பளைகள் பேசிக்கொண்டிருக்கிறோம், பொறு அம்மிணி. நீ உட்கார் தம்பி. கதை பாதியில் நிற்கிறது.

மறுநாள் மத்தியானம் வினோதினி இங்கே வந்தாள். ஃபவுண்டரியிலிருந்து நேராக. கையில் ஹெல்மெட். முகமெல்லாம் கரி. எனக்கு முன்னால் அஞ்சு பேர் ஃபாரத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"நீங்க அந்த வெல்டிங்கைப் பாக்கவே இல்லப்பா."

"மாப்பிள்ளை ஆசைப்படறாரு. நீ குறுக்க பேசாதே."

"நான் சொன்னா கேக்கமாட்டேங்கறாரு. மாமாவுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்னு சிரிக்கறாரு. நீங்க சொன்னா கேப்பாரு. அது ஒரு வண்டி இல்லப்பா. ரெண்டு வண்டி. முன்பாதி ஒண்ணு, பின்பாதி ஒண்ணு. அடிபட்ட ரெண்டை அறுத்து ஒட்டியிருக்காங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா."

"வேலை நேரம். போ கண்ணு."

போய்விட்டாள். படியில் இறங்கும்போது, "போன்ல போட்டோ அனுப்பியிருக்கேன், அதையாச்சும் பாருங்க" என்றாள். நான் வாட்ஸப்பெல்லாம் பார்க்கிறவன் இல்லை. காலையில் எழுந்தால் நாற்பது பேர் பூப் படம் அனுப்புகிறான்.

அந்த போட்டோ இன்னும் இருக்கிறது. இதோ பார். மங்கலாக, சாம்பல் கலரில், என்னவென்றே தெரியாது. அமுக்கினால் சுற்றிக்கொண்டே இருக்கும். ரொம்பப் பழசாகிவிட்டதாம், இனி இறங்காதாம். அனுப்பியவரையே மறுபடி அனுப்பச் சொல்லு என்று இங்கிலீஷில் வருகிறது. ஜெராக்ஸ் கடைக்காரன் படித்துச் சொன்னான்.

கொண்டா போனை.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஒளிக்கிறதுக்கு ஒன்றுமில்லை. ஆனிக் கடைசி நாள் பூஜை போட்டு எடுத்தார். ஆடி முழுக்க ஓட்டினார். ஆவணி முழுக்க ஓட்டினார். சாயங்காலம் ஆனால் இங்கே வருவார். சத்தம் கேட்டதும் பேக்கரிக்காரன் டீயைப் போட்டுவிடுவான். இங்கே இருக்கிற ஏஜென்ட், பிரேக் இன்ஸ்பெக்டர் டிரைவர், எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பார். "எங்க மாமா பாத்துக் குடுத்த வண்டிங்க" என்பார். ஒரு நாள் என்னையும் ஏற்றிக்கொண்டு பைபாஸில் போனார். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வேட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எப்படீங்க மாமா?" என்றார்.

"நல்ல வண்டி" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அவள் ஏறவில்லை. ஒரு நாள்கூட ஏறவில்லை. மாமியார் கூப்பிட்டும் ஏறவில்லை. கல்யாண வீடு, காது குத்து, எதுவானாலும் ஸ்கூட்டரில் தனியாக முன்னால் போவாள். இவர் காரில் தனியாகப் பின்னால் வருவார். ஊரே பார்த்துச் சிரித்தது. பிடிவாதம். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ஒன்றைச் சொன்னால் அதையே சொல்லிக்கொண்டிருப்பாள்.

என்னதான் வேண்டுமாம் உன் சம்சாரத்துக்கு? டயர் உரசுகிறதா? பிரேக் ஆயில் போகிற ரப்பர் ஓஸை உரசுகிறதா? அகல டயர் போட்டால் உரசத்தான் செய்யும் அம்மிணி. எல்லா வண்டியிலும் உரசும். நீ உட்கார் தம்பி.

புரட்டாசி இரண்டாவது சனி. காலை ஏழு மணி. இரண்டு பேரும் பெருமாள் கோயிலுக்குப் போவதாகப் பேச்சு. அவள் வழக்கம்போல ஸ்கூட்டரில் முன்னால் போய்விட்டாள். துளசி மாலை வாங்கி வைத்துக்கொண்டு கோயில் வாசலில் நிற்கிறாள். அரை மணி. முக்கால் மணி. இரண்டு தடவை கூப்பிட்டாளாம். எடுக்கவில்லை.

வழியில் ஒரு பாலம். பாலம் முடிகிற இடத்தில் ரோட்டில் ஒரு இணைப்பு இருக்கிறது, எந்த வண்டியானாலும் கொஞ்சம் துள்ளும். இவருடையதும் துள்ளியது. வேகமாகத் துள்ளியது. கீழே வந்து இறங்கும்போது இரண்டாகப் போய்விட்டது. எதிரில் வண்டி இல்லை. பின்னால் வண்டி இல்லை. யாரும் மோதவில்லை. பின்பாதி ரோட்டிலேயே நின்றுவிட்டது. முன்பாதி அவரோடு போய்ப் புளியமரத்தில் நின்றது.

சொல்லிவிட்டேன். அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

டீ குடிக்கிறாயா? வேண்டாமா. எனக்கும் வேண்டாம்.

காரியமெல்லாம் ஆன பிறகு ஸ்டேஷனில் இருந்து ஆள் வந்தது. ரிப்போர்ட்டில் வைக்க வண்டியின் சேஸ் பிரிண்ட் வேண்டும். ரைட்டர் எனக்குத் தெரிந்தவர். "ஆறுச்சாமியண்ணா, உங்க வீட்டு வண்டி, வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன்" என்றார். எதற்கு வேறு ஆள்? வேறு ஆள் எடுத்தால் அரை எழுத்து அழிந்திருக்கும். நானே போனேன்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். முன்பாதி ஓரிடம், பின்பாதி ஓரிடம். நான் துடைத்தேன், டேப் ஒட்டினேன், தேய்த்தேன். பதினேழு எழுத்தும் பளிச்சென்று வந்தது. கை நடுங்கவில்லை தம்பி. அந்த நாளிலும் கை நடுங்கவில்லை. ரைட்டரே ஆச்சரியப்பட்டார்.

திரும்பிப் பார்க்கிறேன், வினோதினி நிற்கிறாள். கையெழுத்துப் போட வரச்சொல்லியிருக்கிறார்கள். நேராகப் பின்பாதிப் பக்கம் போனாள். பிய்ந்துபோன விளிம்பில் விரலை வைத்தாள். இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் மெதுவாக இழுத்துக்கொண்டே போனாள். கத்தரிக்கோலால் வெட்டிய மாதிரி நேராக இருந்தது அந்த விளிம்பு.

"இதைத்தாம்ப்பா சொன்னேன்" என்றாள்.

கத்தவில்லை. அழவில்லை. யாரோ வழி கேட்டதற்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

கையில் அந்தப் பேப்பர்தான் இருந்தது. அவள் முன்னால் நீட்டினேன்.

"நம்பர் ஒரிஜினல்தான், பாரு கண்ணு."

வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனாள்.

பொய்யா சொன்னேன்? நம்பர் ஒரிஜினல்தானே? முன்பாதியில்தான் நம்பர் இருக்கிறது. முன்பாதி ஒரிஜினல். அதை எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன்.

அடுத்த மாசம் ஓசூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அங்கே ஒரு பெரிய கம்பெனியாம். இரும்பு பார்க்கிற வேலையேதான். என் வீட்டுக்காரி, பத்து நாள் இருந்து சமைத்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்று கூடப் போனாள். மூன்றரை வருஷமாகப் பத்து நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

கோபம். புருஷன் போன கோபம் யார் மேலாவது விழ வேண்டும், என் மேல் விழுந்திருக்கிறது. விழட்டும். ஆனால் ஒன்று இருக்கிறது தம்பி, நீயும் யோசித்துப் பார். அன்றைக்கு அவள் அந்த வண்டியில் ஏறியிருந்தால் அவர் மெதுவாக ஓட்டியிருப்பார். மாட்டாரா? பக்கத்தில் பெண்டாட்டி இருந்தால் எவன் அந்த வேகம் போவான்? இதை நான் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் மட்டும் ஒரே ஒரு தடவை, போனில் சொன்னேன்.

அதற்கப்புறம்தான் அவள் என் போனை எடுப்பதில்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? நான் என் தப்பை மறைக்கிறவன் இல்லை. எங்கே தப்பு என்று வருஷக்கணக்காக யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன். அந்த வார்த்தைதான். பேச்சில் தெளிவு இல்லை. வாயைத் திறந்து, மாப்பிள்ளை, நான் உங்களிடம் பேசவில்லை, இவளைத்தான் அடக்குகிறேன் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு அட்வான்ஸ் போயிருக்காது. அதற்கப்புறம் அந்த வார்த்தையை விட்டேவிட்டேன். நாலு வருஷமாக என் வாயிலிருந்து யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். இப்போதெல்லாம் வாங்கு, இல்லை வாங்காதே. இரண்டில் ஒன்று. சுத்தமாக, சத்தமாக, ஆளுடைய முகத்தைப் பார்த்து.

உனக்கும் அப்படித்தான் சொல்லப் போகிறேன். கண்ணாடியை எடு, அந்த மேஜை மேல் இருக்கிறது. ம். எம், ஏ, எட்டு... ஏழு... கடைசி நாலும் பொருந்துகிறது. எட்டைப் பார், என்ன அழகாக விழுந்திருக்கிறது.

எங்கே எழுந்துவிட்டாய்? கடைசி நிமிஷத்தில் எழுந்திருக்கிறாயே. அவள் கூப்பிட்டால் உடனே போய்விட வேண்டுமா? போ, போய் அந்த ஸ்டியரிங்கை ஒடித்துக் காட்டிவிட்டு வா. இரண்டு நிமிஷம்.

நல்ல பெண் தம்பி அவள். கைதான் சும்மா இருக்காது போல.

என்ன, இரண்டு பேரும் குனிந்துவிட்டார்கள். அவள் விரலை விட்டு எதையோ காட்டுகிறாள். தம்பி, அது சின்ன விஷயம்! ஓஸை மாற்றினால் தீர்ந்தது! இங்கே வா!

யாருக்குப் போன் பண்ணுகிறாள்? விற்கிறவனுக்கா? வேண்டாம் என்கிறாளா? அவளா சொல்கிறாள்? இளமாறா, நீ ஏன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய், போனை நீ வாங்கு. நீ பேசு. தலையை ஆட்டிக்கொண்டு நின்றால் என்ன அர்த்தம்?

சாவியை ஏன் ஜெராக்ஸ் கடையில் கொடுக்கிறார்கள்? விற்கிறவன் வந்து எடுத்துக்கொள்வானா? இவர்கள்?

பஸ் ஸ்டாப்புக்கா போகிறீர்கள்? ஏம்ப்பா! இளமாறா! நில்லப்பா. நான் இன்னும் ஒன்றும் சொல்லவே இல்லையே!